பவானிபூரில் நிற்கும் வண்டி

அப்பா இறந்த நாளில் அவருடைய கார் டாலிகஞ்சில் ஒரு பட்டறையில் இன்ஜின் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன காலம். கல்கத்தாவில் பழைய கார் வைத்திருந்த பலரும் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் ஆயுள் முழுக்கக் கப்பல் இன்ஜின்களோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இது வீட்டில் நடக்கும் கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது. "இனிமே கார்புரேட்டரும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. பம்ப் டீசலை அமுக்கி அனுப்பும், நாசில் பொடிப்பொடியாத் தூவும், சூட்டுல தானே பத்திக்கும். எவ்வளவு சுத்தமான வேலை பாரு!" என்று சாப்பாட்டு மேஜையில் கரண்டியை அமுக்கி அமுக்கிக் காட்டினார். சாம்பார்தான் தூவியது. வண்டி தயாராகி வருவதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அம்மா அதற்குப் பல வருஷம் முன்பே போயிருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அந்த நாளில் நான் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது. டல்ஹௌஸியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை வேலை. டாலிகஞ்சில் அப்பா வாங்கிப் போட்ட இரண்டு அறை வீடு. ஐந்து வயதில் கல்கத்தாவுக்கு வந்தவள் நான். தமிழ்நாடு எனக்கு லீவுக்குப் போகிற இடம், அவ்வளவுதான்.

காரியத்துக்கு மதராஸிலிருந்து வந்திருந்த தம்பி, பத்து நாளும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, கிளம்பும்போது ஆரம்பித்தான். "அக்கா, டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கிக்கோ. எங்களோட வந்து இரு. மாடியில ஒரு ரூம் இருக்கு." அந்த மாடி அறை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் உடைந்த தொட்டில், நடுவில் ஒரு கட்டில். அந்தக் கட்டிலில் அக்கா ஆகி, அத்தை ஆகி, கடைசியில் 'மாடியில இருக்காங்களே, அவங்க' ஆகிவிடுகிற என்னை நான் நன்றாகவே பார்த்தேன்.

"கார் இருக்கு, வீடு இருக்கு, வேலை இருக்கு. எனக்கென்ன குறைச்சல்?" என்றேன்.

காரை ஏன் முதலில் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் முதலில் வந்தது. அவனும் அதையே பிடித்துக்கொண்டான். "கார் ஓடட்டும், பாக்கலாம். அடுத்த தடவை வரப்போ பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான். இப்படியாக, நான் கல்கத்தாவில் தனியாக இருக்க முடியுமா முடியாதா என்பதை அந்தக் கார் தலையில் கட்டியது நானேதான்.

பட்டறைக்காரர்கள் விசுவகர்மா பூஜையை முடித்துவிட்டு, பானட்டில் சிந்தூரத்தால் ஸ்வஸ்திகா போட்டு, வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். மிஸ்திரி, மெக்கானிக்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், ஐம்பது வயதுக்காரர். அப்பா மேல் மரியாதை உள்ளவர். என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினார். சாவியைத் திருப்பியதும் கிளப்பக் கூடாது; டாஷ்போர்டில் உள்ள சின்னக் கம்பி சிவக்கும்வரை பொறுக்க வேண்டும், அதுவரை உள்ளே ஹீட்டர் சூடாகிறது. நிறுத்தச் சாவியைத் திருப்பினால் போதாது. டீசல் இன்ஜினுக்குச் சாவி ஒரு பொருட்டே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கருப்புக் குமிழை வெளியே இழுத்தால் பம்ப் டீசலை நிறுத்தும், இன்ஜின் அடங்கும். மறுபடி கிளப்ப, குமிழைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் இனி வேலை செய்யாது. ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் போட்டு டீசல் உறிஞ்சும் திருடர்கள் இருக்கிறார்கள் என்பதால் பழைய மூடியை எடுத்துவிட்டுப் பூட்டு வைத்த புது மூடி. அதன் சாவியைத் தனியாகக் கையில் கொடுத்தார்.

"பாபு பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார், தீதி" என்றார் மிஸ்திரி. பாபு என்றது அப்பாவை; தீதி என்றால் அக்கா. எனக்கு அழுகை வந்தது. கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

பூஜை வந்தது. கல்கத்தாவில் பூஜை என்றால் துர்கா பூஜைதான். தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் அதிகாலையிலேயே தொடங்கிவிடும். ஊரே புதுத் துணி கட்டிக்கொண்டு தெருவில் இருக்கும். நம் வீடுகளில் அந்த நவமி அன்றைக்கு ஆயுத பூஜை. வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது என்பது வழக்கம். எனக்குத் தெரியாமல் இல்லை. பண்டிகை எனக்குத்தானே கிடையாது, வண்டிக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வெளியே மேளம் அப்படி அடிக்கும்போது வீட்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழ்க் கடை உண்டு. அங்கே வாங்கிய கட்டைச் சந்தனத்தைக் கல்லில் இழைத்தேன். அப்பா எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தேன். ஸ்டியரிங்கில் ஒன்று, பானட்டில் மூன்று, சக்கரத்துக்கு ஒன்று, கடைசியாகப் பெட்ரோல் டேங்க் மூடியில் ஒன்று. அதை வைக்கும்போது மட்டும் "வாய்க்கும் ஒரு பொட்டு" என்று சொல்வார். எல்லா வருஷமும் சொல்வார். நாங்களும் எல்லா வருஷமும் சிரித்துவைப்போம். நான் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லாததால் அது ஒரு வேடிக்கையாகவே இல்லை. சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, வாசல்வரை ஓட்டிவிட்டு நிறுத்தினேன். அவல் பொரியை நானே தின்றேன்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வண்டியில் கிளம்பினேன். முதல் நாள்தான் டேங்க் நிறைய டீசல் போட்டிருந்தேன். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப்போட்ட பள்ளங்களை ஒதுங்கி ஒதுங்கிக் கடந்து பவானிபூர் போய்ச் சேர்ந்தபோது இன்ஜினுக்கு இழுவை குறைந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முனகியது. இரண்டு தரம் விக்கியது. நின்றுவிட்டது.

கல்கத்தாவில் நடுத்தெருவில் வண்டி நின்றால் அது வண்டிக்காரருடைய சொந்த விஷயம் இல்லை, பேட்டையின் விஷயம். டிராமுக்குக் காத்திருந்தவர்கள் வந்தார்கள். மீன் பையோடு ஒருவர் வந்தார். நடைபாதையில் டீக்கடை வைத்திருந்தவர் அடுப்பை விட்டுவிட்டு வந்தார். "கி ஹொலோ, தீதி?" என்று எல்லோரும் கேட்டார்கள், அதாவது என்ன ஆச்சு என்று. நான் பதில் சொல்வதற்குள் அவர்களே ஆளுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டார்கள். பாட்டரி. இல்லை, ஹவா, டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டது. இல்லை, இந்தப் பெட்ரோல் வண்டியை டீசல் ஆக்குவதே தப்பு, மாட்டுக்குக் குதிரைக் குளம்பு வைக்கிற வேலை. எல்லோருமாகத் தள்ளி ஓரம் சேர்த்தார்கள். டீக்கடைக்காரர் தன் பெஞ்சைத் துண்டால் தட்டி என்னை உட்காரவைத்து, மண் கோப்பையில் டீ கொடுத்தார். பக்கத்து மருந்துக்கடையிலிருந்து மிஸ்திரிக்குப் போன் செய்தேன்.

அவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். எப்போதும் செய்கிறபடி முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டார். "தேல் ஆச்சே" என்றார், எண்ணெய் இருக்கிறது. மூடினார். பிறகு பில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை விரலால் அடித்தார். முதலில் நுரையாக வந்த டீசல் பிறகு தெளிவாக வந்தது. திருகை இறுக்கினார். சாவி திருப்பினார். வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது.

மறுவாரம் மறுபடி நின்றது. அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று தரம் நின்றது. மிஸ்திரி சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன். பில்டரை மாற்றினார். குழாய் இணைப்புகளையெல்லாம் பிரித்துப் பூட்டினார். பெட்ரோல் காலத்துக் கசடு இருக்கும் என்று டேங்கையே இறக்கிக் கழுவினார். நாசில்களைக் கழற்றிச் சோதிக்க அனுப்பினார். ஒவ்வொரு தரமும் குச்சி விட்டுப் பார்ப்பார், காற்று எடுப்பார், நான்கு தெரு ஓட்டிக் காட்டுவார். வண்டி பறக்கும். என் கையில் கொடுப்பார். இரண்டு நாளில் நான் மட்டும் போகும்போது நிற்கும்.

"நான் ஓட்டினா நிக்கலையே, தீதி" என்றார் ஒரு நாள், தலையைச் சொறிந்துகொண்டு. "கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டறீங்களோ?"

நான் பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவள். வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "அப்ப வண்டிக்குத்தான் தனியாப் போறது பிடிக்கல போல" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. அன்று சமைக்கவும் பிடிக்கவில்லை.

ஒன்றை நான் கவனித்திருந்தேன். டேங்க் நிறைந்திருந்தால் பவானிபூரிலேயே நிற்கும். பாதி இருந்தால் மைதானம்வரை போகும். அடியில் கொஞ்சம் கிடக்கும்போது அலுவலகமே போய்ச் சேர்ந்துவிடும். இதை மிஸ்திரியிடம் சொன்னேன். டீசல் குறைந்தால் நிற்கும், நிறைந்தால் நிற்குமா என்று அவர் சிரித்தார். "வயிறு நிறைஞ்சா தூக்கம் வருது, மனுஷன் மாதிரி." எனக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. நிற்பதற்குப் பயந்து பயந்து நான் டேங்கை நிரப்பிக்கொண்டே இருந்தேன். அது சீக்கிரம் சீக்கிரமாக நின்றது.

காற்று எடுக்கிற வேலையை நானே கற்றுக்கொண்டேன். டாஷ்போர்டுக்குள் ஸ்பானர், கைப்பையில் பழந்துணி. புடவையில் டீசல் நாற்றம். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். சமயத்தில் காற்று எடுத்தாலும் கிளம்பாது. அரை மணி சும்மா நின்றால் பிறகு கிளம்பும். அந்த அரை மணி நேரம் டீக்கடை பெஞ்சில். முதலில் எரிச்சலாக இருந்தது. ஊரார் எல்லோருக்கும் என் விஷயம் எதற்கு? அப்பா எப்போது போனார், சம்பளம் எவ்வளவு, மதராஸில் எல்லோரும் இட்லி மட்டும்தான் தின்பார்களா? டீக்கடைக்காரருக்குக் கேள்விகள் வற்றுவதே இல்லை. அவர் பெண் பரீட்சை எழுதப்போவதும், அவர் மனைவிக்கு மூட்டுவலி என்பதும் எனக்குத் தெரிந்துபோனது. ஒரு நாள் அலுவலகத்தில் நடந்த ஒரு சண்டையை, இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனசில் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வண்டி நிற்கவில்லை. சொல்ல முடியாமல் போனது.

வீட்டில் பேச ஆள் இல்லை. அரை ஆழாக்கு அரிசி போட்டால் அது இரண்டு வேளைக்கு வரும். மேல் வீட்டு பௌதி, அண்ணி என்று அர்த்தம், நல்லவள்தான். ஆனால் அவளுக்கு மூன்று குழந்தைகள், மாமியார், கொழுந்தன். என்னைப் பார்த்தால் "பாலோ?" என்பாள், நான் "பாலோ" என்பேன், நலமா, நலம். அதோடு சரி. சனிக்கிழமைகளில் லேக் மார்க்கெட் தமிழ்க் கடையில் போய் நின்று, வாங்காத சாமானுக்கெல்லாம் விலை கேட்பேன். வெந்தயம் இந்தத் தரம் கசப்பா, அப்பளம் எந்த ஊர் என்று. கடைக்காரருக்குத் தெரியும் நான் வாங்கமாட்டேன் என்று. காதில் நாலு தமிழ் வார்த்தை விழட்டும் என்றுதான் போனேன். தனியாக இருந்தேன். வேறு எப்படிச் சொன்னாலும் அது பூசி மெழுகுவதுதான்.

டிசம்பரில் தம்பி அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டான். "கார் எப்படி ஓடுது?"

"ஜோரா ஓடுது" என்றேன். தொலைபேசி வைத்திருந்த அறையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜனவரியில வர்றேன், அக்கா. இங்க உங்க டிபார்ட்மென்ட்ல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார். டிரான்ஸ்ஃபர் சுலபமா ஆயிடுமாம். காரை வாங்கிக்கவும் அங்கயே ஒருத்தர் இருக்காராம். பேசி முடிச்சிடலாம்."

"வா. நானே ஹவுரா வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

அவன் வரும் நாளுக்கு முந்தின மாலையே டேங்கை விளிம்புவரை நிரப்பினேன். காலையில் மிஸ்திரியை வீட்டுக்கே வரவழைத்தேன். குச்சி விட்டார், காற்று எடுத்தார், "போங்க தீதி, ஒண்ணும் ஆகாது" என்றார். பவானிபூரைத் தாண்டும்போது டீக்கடைக்காரர் கையைத் தூக்கினார். நான் நிற்காமல் போவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பார். ஸ்ட்ராண்ட் ரோட்டில் இழுவை குறைந்தது. ஹவுரா பாலத்தில் ஏறும்போது முனகல். எந்தச் சாமியை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், வரிசையாக எல்லோரையும் வேண்டிக்கொண்டேன். ஸ்டேஷன் வாசலில் போய்ச் சேர்ந்தது.

ரயில் வந்தது. தம்பி பெட்டியோடும் முறுக்கு டின்னோடும் இறங்கினான். கொஞ்சம் பருத்திருந்தான். என்னைப் பார்த்ததும், "என்ன அக்கா, இப்படி இளைச்சுட்ட?" என்றான். இளைத்தவளுக்கு மாடி அறைதான் மருந்து என்று அடுத்து வரப்போகிறது என எனக்குத் தெரியும். பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்தேன். வண்டி கிளம்பியது. பாலத்தின் நடுவில், கீழே கங்கையும் மேலே இரும்புமாக இருக்கிற இடத்தில், விக்கியது. நின்றது.

பின்னால் பஸ், லாரி, கைவண்டி எல்லாம் நின்று கத்தின. தலைச்சுமைக்காரர்கள் திட்டிக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனார்கள். வெள்ளை உடுப்புப் போலீஸ்காரர் ஒருவர் தூரத்திலிருந்து விசில் ஊதிக்கொண்டு வந்தார். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அக்கா, என்ன பண்ற? உள்ள வா. யாரையாவது கூப்பிடலாம்."

"சும்மா உக்காரு."

திருகைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. நுரைகூட வரவில்லை. பம்ப் இழுக்கிறது, டேங்க் கொடுக்கமாட்டேன் என்கிறது. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. காரின் மேல், மிஸ்திரியின் மேல், இதை ஆரம்பித்துவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த அப்பாவின் மேல். தம்பி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றுதான் டேங்குக்குப் போனேன். விளிம்புவரை இருக்கிறது என்று தெரிந்தும், மிஸ்திரியைப்போலக் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு மூடியில் சாவியைப் போட்டுத் திருப்பினேன்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீளமான சத்தம். பால் பவுடர் டின்னின் தகட்டைக் குத்தும்போது கேட்கிறதே, அதே சத்தம், இன்னும் பெரிதாக. டேங்க் வெளியிலிருந்து காற்றை உறிஞ்சியது.

குச்சியைக் கீழே போட்டேன். டீசல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வர வழி இல்லை. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே கொஞ்சம், ஆகவே சீக்கிரம் இறுகிக்கொள்கிறது. மிஸ்திரி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்; அதற்குள் எங்கெங்கோ கசிந்து காற்று புகுந்திருக்கும், அதனால் அவர் திறக்கும்போது சத்தம் வராது. டீசல் போடும் இடத்தில் பையன் திறப்பான், அங்கே இருக்கிற இரைச்சலில் எனக்குக் கேட்டதில்லை. ஓட்டிப் பார்க்கும் முன்பு ஒவ்வொரு தரமும் குச்சி விடத் திறந்தாரே, அவர் கையாலேயே வண்டிக்கு மூச்சு கொடுத்துவிட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். என் கையில் மட்டும் அது மூச்சு முட்டி நின்றது. இன்றைக்குப் பவானிபூரைத் தாண்டியதும் காலையில் அவர் திறந்து மூடிய புண்ணியம்தான்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அழுக்குப் படிந்த உச்சியில், நடுவில், ஒரு குண்டூசித் துளை. அடைந்திருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் குத்தினேன். கல்லாக இறுகிப்போன ஒன்று பொடிப்பொடியாக உள்ளங்கையில் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். டீசல் நாற்றத்துக்கு அடியில் சந்தன வாசனை.

வாய்க்கு ஒரு பொட்டு. அப்பாவின் பழைய மூடியில் காற்றுத் துளை உச்சியில் இல்லை, விளிம்புக்குக் கீழே எங்கேயோ இருந்திருக்கிறது. எத்தனை வருஷம் பொட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் புது மூடிக்கு உச்சியில் துளை. மேலே வைத்த பொட்டை நான் எப்போதோ துடைத்துவிட்டேன். துளைக்குள் போனது போனதுதான்.

நடுப்பாலத்தில், விசில் காதைப் பிளக்க, நான் சிரித்தேன். தம்பி பயந்துபோய் இறங்கி வந்தான். உள்ளங்கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"வருஷம் திரும்பறதுக்குள்ள பூஜை பண்ணினியா?" என்றான். அவனுக்கு அதுதான் பட்டது.

காற்று எடுத்தேன், கிளப்பினேன். பாலம் இறங்கினோம். ஸ்ட்ராண்ட் ரோடு திரும்பியதும், "வாய்க்கும் ஒரு பொட்டு" என்றான், அப்பாவின் குரலிலேயே. அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். கண்ணில் நீர் வந்து ரோடு தெரியாமல் வண்டியை மெதுவாக ஓட்டினேன். அப்பா போனபிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பவானிபூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அவன் ஒரு வாரம் இருந்தான். காளிகாட் கோயில், அலிப்பூர் மிருகக்காட்சிசாலை, அவனுக்கு வேண்டிய துணிக்கடை என்று எல்லா இடத்துக்கும் நானே ஓட்டிக்கொண்டுபோனேன். வண்டி ஒரு தரம்கூட விக்கவில்லை. டிரான்ஸ்ஃபர் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று நான் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கு ஒன்பது பதில். கடைசி நாள் ஹவுராவில் ரயில் ஏறிவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னான்:

"சரி அக்கா. நீ சமாளிச்சுப்ப. பாலத்து மேல பார்த்தேனே. இனிமே எனக்குக் கவலை இல்லை."

சுமையை இறக்கி வைத்தவன் முகம் அவனுக்கு. நல்ல மனசோடுதான் சொன்னான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவான் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை, "வந்துடேன்" என்று கேட்டிருக்கலாம். நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம். ரயில் போனபிறகு பிளாட்பாரத்தில் சற்று நேரம் நின்றேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயும் நிற்காமல் வீடு வந்தேன்.

அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை. மிஸ்திரிக்கு என்னிடம் வர வேலை இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் போன் கேட்க வேண்டியதில்லை. டிராம் நிறுத்தத்து ஜனங்கள் என் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போனார்கள். டீக்கடைக்காரர் சில நாள் கையைத் தூக்கினார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். பெஞ்சில் போய் உட்காரலாமே என்று இப்போது படிப்பவர்கள் நினைக்கலாம். அந்த நாளில் ஒரு தனிப் பெண், அதுவும் ஆபீசர் மாதிரிக் காரில் வருகிறவள், நடைபாதை டீக்கடையில் ஆண்களுக்கு நடுவில் சும்மா போய் உட்கார முடியாது. கார் நின்றுபோயிருந்தால் முடியும். கெட்டுப்போன காரோடு இருப்பவளை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அவருடைய பெண் பரீட்சை எழுதினாளா, பாஸ் ஆனாளா, எனக்குத் தெரியவில்லை.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தமிழ்க் கடையும் ஏதோ காரணத்தால் மூடியிருந்தது. பால்காரர் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் பல் தேய்க்கும்போது தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன், குரல் இருக்கிறதா என்று. பவானிபூர் வந்தது. டீக்கடை தெரிந்தது. என் கை ஸ்டியரிங்குக்குக் கீழே போயிற்று. கருப்புக் குமிழைப் பிடித்து இழுத்தேன்.

இன்ஜின் அடங்கியது. வண்டி தானாக உருண்டு ஓரத்தில் போய் நின்றது. இறங்கிப் பானட்டைத் தூக்கினேன்.

"கி ஹொலோ, தீதி? ஆபார்?" என்று டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு ஓடிவந்தார். மறுபடியுமா என்று கேட்டபோது அவர் முகத்தில் வருத்தத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது. துண்டால் பெஞ்சைத் தட்டினார். டிராம் நிறுத்தத்திலிருந்து நாலு பேர் வந்து இன்ஜினுக்குள் தலையை விட்டார்கள். ஹவா, என்றார் ஒருவர். பாட்டரி, என்றார் இன்னொருவர். நான் டீ குடித்தேன். அவர் பெண் பாஸ் ஆகியிருந்தாள், செகண்ட் டிவிஷனில். மனைவிக்கு மூட்டுவலி அப்படியேதான். தம்பி வந்ததையும், பாலத்தில் நடந்ததையும், சந்தனத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு நாள் பேசாத வாய், நிறுத்த முடியாமல் பேசியது. எல்லோரும் சிரித்தார்கள்.

நேரமாகிவிட்டது. தள்ள வேண்டுமா என்று நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகத் தயாராக நின்றார்கள். நான் பானட்டை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து, ஹீட்டர் சிவந்ததும் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது, கிளம்பவில்லை. மறுபடி திருப்பினேன். பேச்சு சுவாரஸ்யத்தில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

டீக்கடைக்காரர் என் ஜன்னலருகே வந்தார். மிஸ்திரி இந்த வண்டியோடு மல்லுக்கட்டியதைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்தவர் அவர். உள்ளே எட்டிப் பார்த்தார். கையை நீட்டி, வெளியே இழுத்துக் கிடந்த கருப்புக் குமிழை ஒரு விரலால் உள்ளே தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஹவாதான். இப்ப போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் அடுப்புக்குப் போனார்.

முகம் சுட்டது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த ஊரில் ஒருவருக்கு என் நிலைமை தெரிந்துவிட்டது என்பது வெட்கத்தைவிடப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது. சாவியைத் திருப்பினேன். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. தள்ள வந்தவர்கள் சற்று ஏமாற்றத்தோடு விலகி வழிவிட்டார்கள்.